அம்மாவும் புவனமும் மலைக்கு வந்திருந்தார்கள்

எங்கே இருந்தாலும் எனக்கு அருமையான உங்களுக்கு,

அம்மா வந்திருந்தார்கள். உங்கள் அம்மா. கூடத் தங்கச்சி புவனமும். மாசி முடிகிற சமயம், பனி விட்டு வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து நம் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் தங்கினார்கள். ஒரு பகல் முழுக்க என்னோடு மலையில் நடந்தார்கள். இப்போது திரும்பிப் போய்விட்டார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்வதற்கு ஆள் இல்லை என்பதுதான் உண்மை. அண்ணன் குடும்பம் போன வருஷம் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன். "இங்க ஒனக்கு யாருடி இருக்கா?" என்று அண்ணன் கேட்டார். நான் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது லயத்து வரிசையில் அந்த ஒற்றை அறைக் காம்பராவில் நான் மட்டும்தான். வேலை முடிந்து வந்து விளக்கேற்றினால் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்தின் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை.

டிஸ்பென்சரியில் அதே வேலைதான். ஊசியை அவிக்கிறேன், போத்தல் கழுவுகிறேன், பிள்ளைகளை நிறுக்கும்போது தொட்டிலைப் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற மருந்து ஐயா நல்ல மனுஷர். அதிகம் பேசமாட்டார். உங்கள் நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார். இருக்கிறதுதான். ஆனாலும் காலையில் கதவைத் திறந்ததும் என் கண் பழைய இடத்துக்குத்தான் போகிறது.

மண் சரிவிலிருந்து உங்களை எடுத்துவந்து வாசலில் கிடத்திய அன்று தோட்டமே திரண்டு அழுதது. நானும் அழுதேன். எல்லோரும் அழுததால் நான் அழுதது தனியாகத் தெரியவில்லை. உங்கள் பெரியண்ணன் வந்து காரியத்தை முடித்துவிட்டு மறுநாளே போய்விட்டார். நான் டிஸ்பென்சரித் தரையில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிவிட்டேன். அதைத் தவிர வேறு என்ன செய்ய எனக்கு உரிமை இருந்தது?

அம்மா வந்திருக்கிற செய்தியைப் பெரிய கிளாக்கர்தான் சொன்னார். டிஸ்பென்சரி வாசலில் நின்றபடியே கூப்பிட்டார். "மீனாச்சி, நாளைக்கு உனக்கு இஞ்சை வேலை வேண்டாம். எங்கடை பழைய டிஸ்பென்சரின்ரை தாயும் தங்கச்சியும் வந்திருக்கினம். அவன் போன இடத்தைப் பாக்கவேணுமாம். மேல் கணக்குப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. ஆறுதலாப் போ, தாய்க்கு ஏலாது. உனக்குப் பேர் போட்டுவிடுறன்."

பேர் போடுவது என்றால் அன்றைய கூலி எனக்கு விழும். உங்கள் அம்மாவோடு நடப்பதற்கு எனக்குக் கூலி! சரிங்கையா என்று தலையாட்டினேன்.

அன்று காலையில் நீங்கள் வாங்கித் தந்த பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினேன். பிறகு அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, தினமும் கட்டுகிற பழைய சேலையையே சுற்றிக்கொண்டேன். கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டேன், கொச்சிக்காய்ச் சம்பல் அரைத்தேன். தேயிலைத் தண்ணியைப் போத்தலில் ஊற்றித் துணி சுற்றினேன். கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளாக்கர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

அம்மா வெள்ளைச் சேலையில் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் சொல்லியிருந்ததைவிடச் சின்ன உருவம். உங்கள் நெற்றி அப்படியே அவர்களுக்கு.

"நீதானோ வழிகாட்ட வந்த பிள்ளை? பேர் என்ன?"

"மீனாச்சிங்கம்மா."

சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெயரைக் கேட்டதும் அந்தக் கண்ணில் ஏதாவது அசையுமா என்று. கடைசியாக ஊருக்குப் போகும்போது, இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தானே போனீர்கள். திரும்பி வந்து நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மழையில் நீங்களே போய்விட்டீர்கள். சொன்னீர்களா, சொல்லவில்லையா? இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

அம்மா முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "சரி, நட பிள்ளை" என்றார்கள்.

ரொட்டியும் தண்ணியும் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். "வேண்டாம் பிள்ளை. நாங்கள் கட்டிக்கொண்டு வந்திருக்கிறம்" என்று பையைத் தொட்டுக் காட்டினார்கள். அதன் பொருள் எனக்குத் தெரியாதா? நீங்கள் முதன்முதல் என் கையால் தேயிலைத் தண்ணி வாங்கிக் குடித்ததைக் கண்டு கிளாக்கர் வீட்டம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தவள்தானே நான். எனக்கு வருத்தம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

நடக்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் லேசாகிவிட்டது. நல்ல வெயில், நல்ல காற்று. பாக்டரியிலிருந்து தேயிலை வாசம் வந்துகொண்டிருந்தது. புவனம் அதை இழுத்து இழுத்து மோந்து பார்த்தாள். மலையையே முதல்தடவையாகப் பார்க்கிறவள். ஒவ்வொரு வளைவிலும் நின்றாள், ஒவ்வொன்றையும் கேட்டாள்.

"இதெல்லாம் தேயிலையோ? நான் பெரிய மரமெண்டெல்லோ நினைச்சன்."

"விட்டா மரமாயிருங்க. வெட்டி வெட்டித்தான் இடுப்பளவுக்கு வச்சிருக்கோம்."

"உமக்குக் கால் நோகாதோ இப்பிடி ஏறி ஏறி?"

"இங்கயே பொறந்த காலுங்க. உங்க ஊருக்கு வந்தாத்தான் நோகும். ஏத்தமே இல்லாம எப்புடி நடக்கிறது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது உங்களைப் போலவே ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறாள். நான் சட்டென்று முன்னால் நடந்துவிட்டேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் கல் பார்த்து உட்கார வைத்தேன். "தம்பி உந்த ஏத்தமெல்லாம் ஏறுறவனோ?" என்று கேட்டார்கள். வீட்டில் உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். காதால் கேட்டது அன்றுதான்.

"வாரத்துல ரெண்டு தரம் ஏறுவாங்கம்மா. யாருக்காவது முடியலைன்னா எந்நேரமும் ஏறுவாங்க."

"வீட்டிலை நிண்டால் கடைக்குப் போகவே பஞ்சிப்படுவான், எழும்பமாட்டான்" என்றார்கள். பெருமையா குறையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தானோ?

ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டுவிட்டார்கள். மருந்து ஐயாவுடைய அம்மா என்று எப்படித்தான் தெரிந்ததோ. நிரையை விட்டு ஒவ்வொருத்தியாகப் பாதைக்கு வந்து நின்றார்கள். கிட்டே வரவில்லை. கூடையை இறக்காமல், கையை மட்டும் கூப்பினார்கள். கங்காணி மேலேயிருந்து சத்தம் போட வாயைத் திறந்தவர், விஷயம் தெரிந்து தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. திருப்பிக் கும்பிட்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு சனமும் அவனுக்கோ?" என்று மெல்லக் கேட்டார்கள்.

அட்டைக் கடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போதே சவுக்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். புவனம் சும்மா பேருக்குத் தேய்த்திருக்கிறாள். ஓடையைத் தாண்டி நிழலுக்குள் போனதும் "ஐயோ அம்மா!" என்று குதித்தாள். ஒரு சின்ன அட்டைதான். செருப்பை ஒரு பக்கமும் குடையை ஒரு பக்கமும் எறிந்துவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். "ஆடாதீங்க, ஆடினா அதுக்குக் கொண்டாட்டம்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போட்டேன். அம்மா கூடச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் யாராவது பார்த்திருந்தால், ஒரே வீட்டுப் பெண்கள் மூன்று பேர் பொழுதுபோக்காக மலை பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது.

நான் நின்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பெரிய பள்ளமாக, செம்மண்ணாக, பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். "இதுவோ?" என்றார்கள். மானாப்புல் வளர்ந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. நடுவில் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூ. மண்ணோடு புரண்டு வந்த கல் ஒன்று மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. மற்றபடி எந்த மலைச்சரிவையும் போல ஒரு சரிவு.

அம்மா சூடம் கொளுத்தினார்கள். காற்று இரண்டு தரம் அணைத்தது. நான் கம்பளியை விரித்து மறைப்புப் பிடித்தேன். அந்தச் சூடம் எரிந்து முடியும் மட்டும் நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தோம். அன்றைக்கு மழையில், நானும் வருகிறேன் என்று மருந்துப் பெட்டியைத் தூக்கியபோது, வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு போனவர் நீங்கள். மழை கொஞ்சம் விடட்டும் என்றேன். "பிள்ளைக்கு வலிப்பு. மழை விடட்டும் எண்டு அது காத்திருக்குமோ?" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருடைய பேச்சாக அதைச் சொல்வது?

மேல் கணக்கு லயத்தைத் தாண்டும்போது ஒரு காம்பராக் கதவு பாதி மூடியது. நான் கவனிக்காததுபோல நடந்தேன். அம்மா கவனித்துவிட்டார்கள்.

"ஆர் அது? ஏன் எங்களைக் கண்டு ஒளிக்குது அந்தப் பெட்டை?"

மறைக்க முடியவில்லை. "அன்னைக்கு வலிப்பு வந்தது அவ பிள்ளைக்குத்தாங்கம்மா. உங்க முகத்துல முழிக்கப் பயப்படுறா."

அம்மா அப்படியே நின்றார்கள். பிறகு லயத்து வாசலுக்குப் போனார்கள். "பிள்ளை, வெளியிலை வா" என்று கூப்பிட்டார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி வந்து நின்றாள். பெண்பிள்ளை. உங்கள் கை படாமலே அன்றைக்கு அதுவாகப் பிழைத்துக்கொண்டது. இப்போது ஓடுகிறது, விழுகிறது, எழும்புகிறது. அம்மா பையைத் திறந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்றை எடுத்து ஓலையைப் பிரித்து அதன் கையில் கொடுத்தார்கள். அது நக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "வலிப்பு பிறகு வந்ததோ?" என்று கேட்டார்கள். "இல்லைங்கம்மா" என்று அவள் அழுதாள். "வராது. வடிவா வளரும்" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பி நடந்தார்கள்.

லயத்துக்கு மேலே உச்சியில் இருக்கிற பாறைக்கு அவர்களைக் கூட்டிப்போக நான் நினைக்கவில்லை. அது நம்முடைய இடம். புவனம்தான் அண்ணாந்து பார்த்து, "அந்த உச்சியிலை என்ன தெரியும்?" என்று கேட்டாள். "சிவனொளிபாத மலை தெரியுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அம்மாவே கையூன்றி ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று மலை அப்படித் தெளிவாக இருந்தது. சிவனொளிபாதம் எதிரே கூராக நின்றது. கீழே மஸ்கெலியாக் கடைகளின் தகரக் கூரைகள் மினுங்கின. நான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, என்பாட்டில், வழக்கமான இடத்தில் விரித்தேன்.

"தம்பி இதிலையோ இருக்கிறவன்?"

"ஆமாங்கம்மா. மேல் கணக்குல மருந்து குடுத்துட்டு எறங்கிறப்ப நாங்க இங்கதான்..."

சொல்லி முடிக்கவில்லை. 'நாங்க' என்ற அந்த ஒரு சொல் பாறைமேல் கிடந்தது, எடுத்து ஒளிக்கவும் முடியவில்லை. புவனம் என்னைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. நான் மருந்துப் பெட்டி தூக்கி வந்த கதையைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அது உண்மைதானே? நமக்கு நடுவில் எப்போதும் அந்தப் பெட்டி இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். யாராவது பார்த்தால் பெட்டியும் தெரியவேண்டும் என்பீர்கள்.

அவர்கள் கொண்டுவந்த பிட்டைச் சாப்பிட்டார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன், ரொட்டியைப் பிரிக்கவில்லை. முகம் கழுவ நான் ஊற்றுக்குப் போனபோது புவனம் என் பின்னால் வந்தாள். கொஞ்ச நேரம் தண்ணியில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணா உங்களை என்னெண்டு கூப்பிடுறவர்?"

காலையிலிருந்து 'நீர், உமக்கு' என்று பேசியவள் இப்போது 'உங்களை' என்கிறாள்.

"மீனாச்சின்னுதாங்க கூப்பிடுவாங்க."

"தனிய இருக்கேக்கையும்?"

நான் முகத்தைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவின முகம். அவள் மேலே கேட்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா சிவனொளிபாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். "கடைசியா வந்து நிண்டவன். ஒரு பின்னேரம் முழுக்கக் கிணத்தடியிலை என்னோடை நிண்டவன். துலாவைப் பிடிச்சுக்கொண்டு, 'அம்மா, உங்களோடை ஒரு கதை கதைக்கவேணும்' எண்டான். என்ன கதை எண்டு எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதோ? நான் உடனை ஊரிலை பேசி வைச்ச பெட்டையின்ரை சீதனக் கதையைத் துவங்கிப்போட்டன். அவன் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு வாளி தண்ணி அள்ளி என்ரை காலுக்கு ஊத்திப்போட்டுப் போனவன்."

புவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா இன்னும் மலையைத்தான் பார்த்தார்கள்.

"அந்தப் பெட்டை இன்னும் கட்டேல்லை. இவனுக்காக அழுதுகொண்டு இருக்குது. ஊரெல்லாம் அதுக்கு ஆறுதல் சொல்லுது" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "நான் அவனைச் சொல்ல விட்டிருக்கலாம்" என்றார்கள்.

கேட்டீர்களா? உங்களுக்கு எப்படியும் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. சொல்லப் போயிருக்கிறீர்கள். துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அது போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் அன்று அந்தப் பாறையில் எனக்கு அது பெரிதாக இருந்தது. அதே நேரம், ஊர் ஆறுதல் சொல்ல உட்கார்ந்திருக்கிற அந்த முகம் தெரியாத பெண்மீது ஒரு பொறாமை வந்தது பாருங்கள், அதை என்னவென்று சொல்ல!

'அம்மா, அது நான்தாங்க' என்று சொல்ல ஒரு மூச்சுத்தான் வேண்டும். இழுத்தேன். அம்மா அதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "இறங்குவம் பிள்ளை. மூடிக்கொண்டு வருது" என்றார்கள். உண்மையாகவே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் என்னைத் தடுத்தார்களா? அல்லது பனியைத்தான் பார்த்தார்களா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாதி வழியில் தூறல் பிடித்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் ஒதுங்கினோம். அம்மாவுக்குக் குளிரில் பல் கிட்டியது. என் கம்பளியை எடுத்து, கேட்காமலே அவர்கள் தலையோடு போர்த்திவிட்டேன். விலக்கவில்லை. ஈரக் கம்பளி வாசத்தோடு சுருண்டு உட்கார்ந்திருந்தவர்கள், கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரொட்டி கிடக்கோ பிள்ளை?" என்று கேட்டார்கள்.

ஆறிப்போன ரொட்டி. அவசரமாகப் பிரித்ததில் சம்பல் கொஞ்சம் சிந்திவிட்டது. அம்மா பிய்த்து வாயில் போட்டு, "சரியான உறைப்பு" என்று கண்ணைச் சுருக்கினார்கள். "தம்பி உறைப்புத் தின்னமாட்டான்."

"இங்க வந்து பழகிட்டாங்கம்மா."

"ஓம்" என்றார்கள். "பழகியிருப்பான்."

போத்தலில் மிச்சமிருந்த தேயிலைத் தண்ணியையும் வாங்கிக் குடித்தார்கள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்த நேரத்தில் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

மறுநாள் காலை அவர்கள் பஸ் ஏறினார்கள். ரோட்டு முடக்கில் பெரிய கிளாக்கர் பையை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போகிற வழியில் நிற்கிறவள்போலத் தள்ளி நின்றேன். அம்மா கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார்கள். என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். உங்கள் கையைப் போலவே குளிர்ந்த கை.

"ஊருக்கு ஒருக்கா வா பிள்ளை. நீ அவன் இருந்த வீட்டைப் பாக்கவேணும்."

வழிகாட்ட வந்த பெண்ணை யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்களா? "வாறேங்கம்மா" என்றேன்.

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தபோது புவனம் ஜன்னலால் தலையை நீட்டினாள். "போட்டு வாறம், மச்சாள்!" என்றாள்.

பஸ் சத்தத்தில் கிளாக்கருக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. பக்கத்தில்தானே இருந்தார்கள். அவர்கள் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் திருத்தவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்தார்கள். பஸ் வளைவில் மறைந்தது.

எனக்கு அந்தச் சொல்லின் பொருள் நிச்சயமாகத் தெரியவில்லை. எங்கள் லயத்தில் அண்ணன் பெண்சாதியை மதினி என்போம், அண்ணி என்போம். நாலைந்து நாள் கழித்துக் கிளாக்கர் வீட்டுக்கு இருமல் மருந்து கொண்டுபோனபோது வீட்டம்மாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "அம்மா, உங்க ஊருப் பக்கம் மச்சாள்னா யாருங்க?"

"மாமன்ரை, மாமியின்ரை பெட்டையளைச் சொல்லுறது. அண்ணன்ரை பெண்சாதியையும் மச்சாள் எண்டுதான் கூப்பிடுவம். ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ரோட்டில் யாருமில்லை. அதைச் சொல்லிக் கொண்டாடவும் எனக்கு ஒருவரும் இல்லை. டிஸ்பென்சரி வரைக்கும் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன்.

இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் அழுதாயிற்று. இனித் தெரிந்தால் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அச்சுக்குக் கொடுக்கிறேன். தோட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். அந்தப் பேச்சிலாவது உங்கள் பெயரும் என் பெயரும் ஒன்றாக இருக்கும்.

ஆவணியில் புவனத்துக்குக் கல்யாணமாம். நான் போவேன். அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஹட்டனில் ரயிலேறி, மேடுபள்ளமே இல்லாத உங்கள் ஊரில் போய் இறங்குவேன். முதல்தடவை வருகிறவளுக்கு அம்மா வழிகாட்டட்டும். உங்கள் வீட்டில் இருந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களைப் பற்றி அவர்கள் கேட்பதற்கெல்லாம் ஒன்றும் விடாமல் பதில் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
புவனத்தின் மச்சாள்
மீனாச்சி